தரிசுப் பலகை

மாஸ்டரின் காதில் அந்த வார்த்தை மாடிப்படியில் வைத்து விழுந்தது.

ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வேலைதான் ஓய்ந்ததே தவிர, சட்டையின் கழுத்துப் பொத்தான் ஓயவில்லை. குப்பை கொட்டக் கீழே இறங்கினாலும் அதைப் போட்டுக்கொண்டுதான் இறங்குவார். அன்றும் அப்படித்தான் வாளியோடு இறங்கிக்கொண்டிருந்தார். மூன்றாம் மாடித் தையல்காரர் கக்கத்தில் துணி மூட்டையோடு எதிரே ஏறி வந்தார்.

"மாஸ்டர், கேக்கணும்னு இருந்தேன். தோட்டத்துல உங்க வீட்டம்மா பாத்தி தரிசாக் கிடக்குதாமே, அப்படியா?"

மாஸ்டர் நின்றார். வாளியும் நின்றது.

"யார் சொன்னது?"

"எல்லாரும்தான் பேசிக்கிறாங்க. ஒரே காடா வளந்து கிடக்கு, பலகையும் இல்ல. அடுத்த பாத்தி எப்ப காலியாகும்னு காத்துக்கிட்டிருக்கிறவன் நான். அதான் உங்ககிட்டயே கேட்டுடலாம்னு." தையல்காரர் தன் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு சிரித்தார். "கோவிச்சுக்காதீங்க. என் மண்டையும்தான் தரிசாக் கிடக்கு. யாரும் விதைக்க வர மாட்டேங்கறாங்க."

மாஸ்டர் சிரிக்கவில்லை. "எங்க வீட்டுல எதுவும் தரிசாக் கிடக்காது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார்.

தையல்காரருக்கு அது விளையாட்டு வார்த்தை. மாஸ்டருக்கு அப்படியில்லை. அவர் அப்பா கோபக்காரர். அடிக்கவும் தயங்காத கை, திட்டவும் தயங்காத வாய். ஆனாலும் இந்த ஒரு வார்த்தையை மட்டும் அவர் ஆயுளில் ஒரே ஒரு முறைதான் எடுத்தார். படிப்பை விட்டுவிட்டு வேலைக்கும் போகாமல் வீட்டில் படுத்துக் கிடந்த மூத்த மகனைப் பார்த்து, "நீ தரிசுடா" என்றார். கத்தக்கூட இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைப் பார்த்தபடி சொன்னார். அண்ணன் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனவன்தான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவனுக்கு யாரும் தட்டு வைக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு வீட்டின் கதவைச் சாத்த இந்த ஒரு சொல் போதும் என்பதை மாஸ்டர் கால்சட்டை போட்ட வயதிலேயே பார்த்துவிட்டார். இப்போது அதே சொல், அவர் மனைவியின் பெயரோடு சேர்ந்து மாடிப்படியில் ஏறி இறங்குகிறது.

தோட்டம் என்று அவர்கள் சொன்னது, குடியிருப்புக் கட்டடங்களுக்கும் பின்னாலிருந்த பட்டறையின் மதில் சுவருக்கும் நடுவே கிடந்த நீளமான நிலத்தை. ஒரு காலத்தில் உடைந்த செங்கல்லும் பழைய டயரும் கிடந்த இடம். குடியிருப்புக்காரர்கள் சேர்ந்து சுத்தம் செய்து, பாத்தி பாத்தியாகப் பிரித்துக்கொண்டார்கள். அதற்குத் தலைவி கண்டக்டரம்மா. பஸ்ஸில் டிக்கெட் கிழித்தே காலம் போக்கியவர். ஓய்வு பெற்ற பிறகும் அவர் விசில் அடிக்காமலே கூட்டம் நகரும்.

தோட்டத்துக்கு என்று ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு பாத்தியின் தலைமாட்டிலும் ஒரு சிறிய பலகை. அதில் மூன்று வார்த்தைகளில் ஏதாவது ஒன்று இருக்கும். கறுப்பில் எழுதியிருந்தால் 'பயிர்'. பச்சையில் என்றால் 'ஆறுகிறது'. சிவப்பில் என்றால் 'தரிசு'. தரிசு என்று ஆகிவிட்டாலோ, பயிரும் பலகையும் இல்லாமல் கிடந்தாலோ, அடுத்த கூட்டத்தில் அந்தப் பாத்தி காத்திருப்பவருக்குப் போய்விடும். ஒருவர் பாத்தியில் இன்னொருவர் பலகை நடக்கூடாது. அவரவர் மண்ணுக்கு அவரவர்தான் பெயர் சொல்ல வேண்டும். இதில் மட்டும் கண்டக்டரம்மா கறார்.

மாஸ்டர் இதையெல்லாம் அறிவார். அறிந்ததில்தான் வினையே இருந்தது.

அவர் மனைவி, பிரசவத்துக்கு நாள் நெருங்கிய மகள் வீட்டுக்குக் கிளம்பிய காலையில், ஒரு தோளில் பையும் ஒரு கையில் பலகையுமாக வாசலில் நின்றாள்.

"என்னங்க, இதை மட்டும் நம்ம பாத்தித் தலைமாட்டுல குத்தி வெச்சிடுங்க. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு."

பலகையில் பச்சை எழுத்து பளபளத்தது. ஆறுகிறது.

"இது என்ன ஆறுகிறது? டீ ஆறும். புண்ணு ஆறும். நிலம் எங்கேயாவது ஆறுமா?"

"ஆறும். விடாம காய்ச்சுக் கொட்டியிருக்கு. ஒரு தடவை மூச்சு விடட்டும்னு விட்டிருக்கேன்."

"நம்ம குடும்பத்துல யாரும் சும்மா இருக்கிறதப் பலகை போட்டு ஊருக்குச் சொன்னதில்ல."

"ஏன், நீங்க ரிடையர் ஆனப்ப மேடை போட்டுக் கை தட்டிச் சொன்னாங்களே" என்றாள் அவள். பதிலுக்குக் காத்திருக்காமல் பலகையை அவர் கையில் திணித்துவிட்டு இறங்கிப் போனாள். அவளுக்குத் தெரியும், மாஸ்டரிடம் பதில் வர நேரமாகும், பஸ் காத்திருக்காது.

மாஸ்டர் பலகையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். இதைக் கொண்டுபோய் நட்டால், போகிறவன் வருகிறவன் எல்லாம் மாஸ்டர் வீட்டுப் பாத்தி படுத்துவிட்டது என்றுதானே பேசுவான்? வாசலில் செருப்பு அலமாரி ஒரு கால் குட்டையாகி ஆடிக்கொண்டிருந்தது. பலகை அதன் அடியில் அளவெடுத்த மாதிரி பொருந்தியது. அலமாரியின் ஆட்டம் நின்றது. மாஸ்டருக்கு அன்று மனம் நிறைந்திருந்தது.

இப்போது தையல்காரர் வாயைத் திறந்த பிறகு, அவர் மனம் ஆடத் தொடங்கியது.

மறுநாள் விடிந்ததும், இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு மாஸ்டர் தோட்டத்துக்குப் போனார். மனைவியின் பாத்தியைத் தேட வேண்டியிருக்கவில்லை. மற்ற பாத்திகளில் வரிசை வரிசையாகக் கீரையும் வெண்டையும் நிற்க, அவள் பாத்தியில் மட்டும் முழங்கால் உயரத்துக்கு ஏதோ செடி நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. வரிசை கிடையாது, இடைவெளி கிடையாது. விடுமுறை நாள் பிளாட்ஃபாரம் மாதிரி ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. காய் இல்லை, பூ இல்லை. தையல்காரர் காடு என்றதில் தப்பில்லை.

மாஸ்டர் கையை மடித்துவிட்டுக்கொண்டு குனிந்தார். செடி கஷ்டப்படுத்தவில்லை. பிடித்து இழுத்தால் வேரோடு வந்தது. வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருந்தன. நோய் பிடித்த செடிதான் என்று அவர் தீர்மானித்துக்கொண்டார். வெயில் ஏறுவதற்குள் பாத்தி முழுவதும் மொட்டையாகிவிட்டது. பிடுங்கியதையெல்லாம் அள்ளிக் குப்பை வண்டியில் போட்டார். பிறகு மண்ணைச் சீவி, சமன் செய்து, ஓரத்தில் கிடந்த செங்கற்களை நேராக நிறுத்தினார். கடைசியில் விளக்குமாறு கொண்டுவந்து பாத்தியைப் பெருக்கவும் செய்தார். நிலத்தைப் பெருக்கிய மனிதரை அந்தத் தோட்டம் அதுவரை பார்த்ததில்லை.

பால்கனியிலிருந்து தையல்காரர் எட்டிப் பார்த்தார். "அடேயப்பா! கண்ணாடி மாதிரி இருக்கே மாஸ்டர்!"

"இப்ப சொல்லச் சொல்லுங்க, தரிசுன்னு" என்றார் மாஸ்டர். இடுப்பு வலித்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

கண்டக்டரம்மா அப்போது ஊரில் இல்லை; அந்தச் செடி முளைக்கும் முன்பே கிளம்பிப் போயிருந்தார். கண்ணில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு தங்கை வீட்டில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். இருந்திருந்தால் மாஸ்டரின் கையைப் பிடித்து நிறுத்தியிருப்பார். அந்தத் தோட்டத்தில் அந்தச் செடியை அடையாளம் தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் அவர், மற்றவர் மாஸ்டரின் மனைவி.

அந்த வாரமே மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மனைவி போனில் பேசினாள். பின்னால் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"கேக்குதா? உங்க பேத்திதான். ரயில் கிளம்பற மாதிரியே கத்துறா. நெத்தியச் சுருக்கினா அச்சு அசல் நீங்கதான்."

"நல்லா இருக்காங்களா ரெண்டு பேரும்?"

"நல்லா இருக்காங்க. பொண்ணு கொஞ்சம் அசந்து கிடக்கா, போகப் போகச் சரியாயிடும். நீங்க சாப்பிடறீங்களா ஒழுங்கா? சரி, அதை விடுங்க. சணப்பு எவ்வளவு உசரம் வந்திருக்கு?"

"எது?"

"சணப்புங்க. நம்ம பாத்தியில தூவிட்டு வந்தேனே. கொசகொசன்னு வந்திருக்கணுமே இந்நேரம். மஞ்சப் பூ எட்டிப் பாக்கும் பாருங்க, அப்பவே வெட்டி அப்படியே மண்ணுக்குள்ள மடக்கிடணும். அதுதான் மண்ணுக்குச் சாப்பாடு, வேர் முடிச்சுலயே சத்து சேத்து வெச்சிருக்கும். கண்டக்டரம்மாகிட்ட சொல்லி வெச்சிருக்கேன், அவங்க பாத்துப்பாங்க. பலகை இருக்கிறதால யாரும் கை வெக்கவும் மாட்டாங்க."

மாஸ்டர் செருப்பு அலமாரியைப் பார்த்தார். அது அசையாமல் நின்றது.

"ம்" என்றார்.

"என்ன ம்? எப்படி இருக்குன்னு கேக்குறேன்."

"நல்லா... நல்லா இருக்கு."

போனை வைத்த பிறகு அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தார். தாமதமாக வரும் ரயிலைத் தாமதம் என்று சொல்லியே பழகிய வாய் அது. மேலதிகாரி முன்னாலும் சொன்னது, கத்துகிற பயணிகள் முன்னாலும் சொன்னது. அந்த வாயில் இவ்வளவு சுலபமாக ஒரு பொய் வந்ததில் அவருக்கே ஆச்சரியம். நோய் என்று நினைத்துத் தூக்கிப் போட்ட அந்த வேர் முடிச்சுகள் கண்ணுக்குள் வந்து நின்றன. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு கீழே போனார். குப்பை வண்டி என்றைக்கோ காலியாகிவிட்டது.

நடுவில் ஒரு பெருமழை பெய்தது. மூடிக்கொள்ள ஓர் இலைகூட இல்லாத பாத்தியை மழை நேராக அறைந்தது. மேல் மண் கரைந்து செங்கல் இடுக்கு வழியாக ஓடியது. பின்னாலேயே வெயில் வந்து, மிச்சமிருந்த மண் மேல் அப்பளம் மாதிரி ஓடு கட்டியது. அக்கம்பக்கத்துப் பாத்திகள் மழைக்குப் பிறகு பச்சைப்பசேல் என்று நிமிர்ந்து நின்றன. மாஸ்டர் பெருக்கிய பாத்தி மட்டும் வெடித்துக்கொண்டிருந்தது.

கண்டக்டரம்மா கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்தார். வந்ததும் தோட்டத்தை ஒரு சுற்று சுற்றினார். மாஸ்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பாத்தி ஓரமாக நின்றிருந்தார்.

"என்ன மாஸ்டர், பிளாட்ஃபாரம் மாதிரி இருக்கே?"

"ம்."

"சணப்பு தூவிட்டுப் போறேன்னு உங்க வீட்டம்மா சொன்னாங்க. ஒண்ணையும் காணோமே." குனிந்து விரலால் ஓட்டைத் தட்டிப் பார்த்தார். அது சத்தம் போட்டது. "பலகையும் நடல. கிளம்புற அவசரத்துல ரெண்டையும் மறந்துட்டாங்க போல. பாவம், வயசாகுதுல்ல."

இங்கேதான் மாஸ்டர் வாயைத் திறந்திருக்க வேண்டும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கழுத்துப் பொத்தான் வழிவிடவில்லை.

"இப்ப என்ன பண்றது?" என்று மட்டும் கேட்டார்.

"கூட்டத்துல வெச்சுத்தான் பேசணும். தையல்காரர் கேட்டுட்டே இருக்காரு." கண்டக்டரம்மா எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "நான் இருந்த ரூட்டுல ஒரு கடைசி டிரிப் உண்டு. ஆளே ஏறாது. தரிசு டிரிப்னுதான் சொல்லுவோம். ஆனா நிலத்துக்கு அந்த வார்த்தையச் சொல்றதுக்கு முன்னாடி யோசிக்கணும் மாஸ்டர். யாரோ திரும்பி வரப்போறாங்கன்னா அது ஆறுது. ஒருத்தரும் வரப்போறதில்லன்னா அது தரிசு. பாக்கிறவனுக்கு எது எதுன்னு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் பலகை. ஸ்டேஷன்ல இருந்த உங்களுக்கா நான் சொல்லணும், பலகை இல்லாத இடத்துல எந்த வண்டி நிக்கும்?"

கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், மாஸ்டர் செருப்பு அலமாரிக்குக் கீழிருந்து பலகையை உருவினார். அலமாரி ஒரு பக்கம் சாய்ந்து, செருப்புகள் சரிந்து விழுந்தன. பலகையைத் துடைத்தார். அலமாரிக்கால் அழுந்திய தடம் முதல் எழுத்தின் மேல் வட்டமாக விழுந்திருந்தது. அதைக் கொண்டுபோய் இப்போதாவது நட்டுவிட்டால் என்ன என்று யோசனை வந்தது. நாளை யார் கேட்டாலும், இதோ பலகை இருக்கிறதே என்று காட்டிவிடலாம். பாத்தியும் தப்பும், அவள் பெயரும் தப்பும்.

பாத்தி ஓரம் வரைக்கும் போனார். பலகையின் கூர்முனையை மண்ணில் வைத்து அழுத்தினார். ஓடு கட்டிய மண் இறங்க விடவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாகக் குத்தியிருந்தால் இறங்கியிருக்கும். ஆனால் குனிந்த நிலையில் அவர் அந்தப் பச்சை எழுத்தையும் அதற்குப் பின்னால் வெடித்துக் கிடந்த மண்ணையும் ஒரே பார்வையில் பார்த்துவிட்டார். ஒரு ஊர்ப் பலகையைக் கொண்டுபோய் இன்னொரு ஊரில் நடுகிற வேலையை அவர் சர்வீஸில் செய்ததில்லை. பலகையைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்.

கூட்டம் பம்பு ஷெட்டில் நடந்தது. ஆளுக்கொரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். மாஸ்டருக்கு மட்டும் யாரோ மரியாதையாக ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அவர் அதில் முதுகு வளையாமல் உட்கார்ந்தார். பை மடியில் இருந்தது.

தண்ணீர்க் குழாய், எலித் தொல்லை என்று ஒவ்வொன்றாகப் பேசி முடித்துவிட்டு, கண்டக்டரம்மா மாஸ்டர் வீட்டுப் பாத்திக்கு வந்தார்.

"நம்ம வழக்கப்படி பாத்தா அது தரிசு. பயிரும் இல்ல, மண்ண மூடத் தழையும் இல்ல, பலகையும் இல்ல. ஆனா அந்தம்மா எப்படிப்பட்டவங்கன்னு நமக்குத் தெரியும். பொண்ணு பிரசவம்னு ஓடினவங்க. அந்தத் தலைகால் புரியாத நேரத்துல மறந்திருப்பாங்க. இந்த ஒரு தடவை பொறுத்துப் போகலாம்னு நினைக்கிறேன். தையல்காரரே, என்ன சொல்றீங்க?"

"நான் என்ன சொல்றது? அம்மா முகத்துக்காக நான் காத்திருப்பேன்" என்றார் தையல்காரர்.

எல்லோரும் தலையாட்டினார்கள். பாத்தி தப்பியது. மாஸ்டருக்கு மூச்சு சீராக வந்தது. அவ்வளவுதான், எழுந்து போய்விடலாம்.

அப்போது பின் வரிசையில் ஒரு குரல் தாழ்ந்து சொன்னது. "எவ்வளவு சூட்டிகையான அம்மா! அவங்களே மறக்க ஆரம்பிச்சுட்டாங்கன்னா பாரு."

"எங்க மாமியாருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது" என்றது இன்னொரு குரல். "முதல்ல சின்னச் சின்னதா மறப்பாங்க. மாஸ்டர்தான் இனிமே பக்கத்துல இருந்து பாத்துக்கணும்."

பரிவோடுதான் பேசினார்கள். அதுதான் மாஸ்டருக்குத் தாங்கவில்லை. அவள் திரும்பி வந்து இந்தத் தோட்டத்தில் கால் வைக்கும்போது ஒவ்வொருவரும் அவளிடம் மெதுவாக, குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசுவார்கள். கத்தரிக்கோலை எங்கே வைத்தீர்கள் அம்மா, ஞாபகம் இருக்கிறதா என்பார்கள். ஏன் இப்படிப் பேசுகிறார்கள் என்று அவளுக்குப் புரியவே புரியாது. பாத்தியில் நடாத தரிசுப் பலகையை அவள் தலையில் நட்டுவிட்டு, அதற்குக் கீழே தான் பத்திரமாக உட்கார்ந்திருப்பதாக அவருக்குத் தோன்றியது. ஒரு குடும்பத்தின் மானம் நிலத்திலா இருக்கிறது? அந்த வீட்டுப் பெண்ணின் பெயரில் இருக்கிறது.

மாஸ்டர் எழுந்தார். பைக்குள்ளிருந்து பலகையை எடுத்து எல்லோரும் பார்க்கும்படி பிடித்தார். கொடி பிடித்துப் பழகிய கை அது.

"என் வீட்டுக்காரி எதையும் மறக்கல" என்றார். "விதையும் தூவிட்டுத்தான் போனா. பலகையும் எழுதி எங்கிட்டக் குடுத்துட்டுத்தான் போனா. இது அவ எழுத்து."



"அப்புறம் எங்க போச்சு மாஸ்டர் எல்லாம்?" என்றார் கண்டக்டரம்மா.

"பலகைய நான் நடல. எங்க வீட்டு நிலம் சும்மா கிடக்குதுன்னு ஊருக்குச் சொல்லணுமான்னு இருந்தது. செருப்பு அலமாரிக்கு அண்டை குடுத்துட்டேன். செடியக் களைன்னு நினைச்சு நான்தான் பிடுங்கினேன். எல்லாத்தையும். அவ ஆறப் போட்டுட்டுப் போன நிலம் அது. தரிசாக்கினது நான்."

 யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது பற்றிக்கொண்டு வாளிக்கு வாளி தாவியது. கண்டக்டரம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"சிக்னலைப் பிடுங்கிச் செருப்பு ஸ்டாண்டுக்கு வெச்சுட்டீங்களே மாஸ்டர்! வண்டி கவுறாம என்ன பண்ணும்?"

மாஸ்டர் நின்றபடியே அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டார். உட்காரவில்லை.

சிரிப்பு அடங்கியதும் கண்டக்டரம்மாவின் குரல் மாறியது. "மறந்தாங்கன்னா பொறுக்கலாம். தெரிஞ்சே பலகை நடாம விட்டதுக்குப் பொறுத்தா, நாளைக்கு இன்னொருத்தர் கேப்பாரு. வழக்கம் வழக்கம்தான். பாத்தி தையல்காரருக்குப் போகுது. உங்க வீட்டம்மா வேணும்னா திரும்பவும் வரிசையில கடைசியா நிக்கட்டும்."

"சரி" என்றார் மாஸ்டர்.

தையல்காரர் தலையைத் தடவினார். கேட்டது கிடைத்தும் அவர் முகத்தில் களை இல்லை. "நான் ஒண்ணு சொல்லலாமா? இப்ப இருக்கிற நிலைமையில அத நான் வாங்கி என்ன பண்றது? என் தலையில கூட ஓரமா நாலு முடி இருக்கு, அங்க அதுவும் இல்ல. மாஸ்டர் திரும்பவும் அந்தச் சணப்பையே போட்டு, வளத்து, மண்ணுல மடக்கிக் குடுக்கட்டும். அப்புறம் நான் எடுத்துக்கறேன்."

"அதுதான் முறை" என்றார் கண்டக்டரம்மா. "அதுவரைக்கும் பலகை நிக்கணும். என்ன பலகைன்னு உங்களுக்கே தெரியும். நாங்க நட மாட்டோம்."

மாஸ்டர் அன்றே எழுதினார். சிவப்புப் பெயின்ட் வாங்கி, புதுப் பலகை ஒன்றின் இரு பக்கமும் அளவெடுத்து, ஸ்டேஷன் பெயர்ப் பலகை எழுதுவதுபோல ஒவ்வொரு எழுத்தையும் ஒரே உயரத்தில் எழுதினார். தரிசு. அந்த வார்த்தையை அவர் வாழ்நாளில் எழுதியதே இல்லை. எழுதிப் பார்த்தபோது மூன்றே எழுத்துதான் இருந்தது. கீழே தன் வீட்டு எண்ணைப் போட்டார். அதற்கும் கீழே 'மாஸ்டர்' என்று சேர்த்தார், யாரும் வேறு யாரையும் நினைத்துவிடக் கூடாது என்று. பாத்தித் தலைமாட்டில், வழிப்போக்கன் கண்ணுக்கு நேராகத் தெரிகிற மாதிரி நட்டார்.

பிறகு மண் மேல் கட்டியிருந்த ஓட்டை உடைத்தார். கொத்தக் கொத்த இடுப்பு வலித்தது; இந்த முறை வலியை மறைக்க மெனக்கெடவில்லை. கண்டக்டரம்மா விதை கொடுத்தார். தையல்காரர் பால்கனியிலிருந்து தினமும் ஏதாவது சொன்னார். "மாஸ்டர், இன்னிக்கி வண்டி லேட்டா?" என்பார். "கிளியர் ஆயிடுச்சு" என்பார் மாஸ்டர்.

மனைவியிடம் போனில் சொன்னார். எல்லாவற்றையும், ஒரே மூச்சில்.   அவள், "பிள்ளை எழுந்துட்டா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டாள். அப்புறமும் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. பேத்தியைப் பற்றி மட்டும் பேசினாள். மாஸ்டருக்கு அது எந்த ஏச்சையும்விடப் பெரிதாக இருந்தது.

அவள் திரும்பி வந்தது ஒரு காலை வேளையில். பஸ்ஸிலிருந்து இறங்கியவள் வீட்டுக்குப் போகாமல் நேராகத் தோட்டத்துக்குத்தான் வருவாள் என்று மாஸ்டருக்குத் தெரியும். பூவாளியோடு பாத்தியில் நின்றிருந்தார். கழுத்துப் பொத்தான் திறந்திருந்தது. காலிலும் கையிலும் மண்.

அவள் பையைத் தோளிலிருந்து இறக்காமல் பலகையைப் படித்தாள். முதலில் சிவப்பு எழுத்தை, பிறகு வீட்டு எண்ணை, பிறகு மாஸ்டர் என்பதை.

"யார் எழுதினது?"

"நான்தான்."

"எழுத்து நல்லா இருக்கு."

மண்ணில் சணப்பு ஒரு விரல் உயரத்துக்கு எழும்பியிருந்தது. தண்டவாளம் போட்ட மாதிரி நேர் நேர் வரிசை. அவள் அதைப் பார்த்தாள்.

"சணப்பை யாராவது வரிசையில நடுவாங்களா? அள்ளித் தூவ வேண்டியதுதானே."

"எனக்கு இப்படித்தான் வரும்."

அவள் உதட்டோரம் ஏதோ அசைந்தது. அடக்கிக்கொண்டாள். "பாத்தி போச்சு இல்ல?"

"போச்சு. பூ வந்ததும் மடக்கித் தையல்காரர்கிட்டக் குடுத்துடணும். நீ திரும்ப வரிசையில நிக்கலாம்னாங்க."

"நான் எதுக்கு நிக்கிறேன்? நீங்க நில்லுங்க." பையை இறக்கிச் செங்கல் ஓரத்தில் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள். "நான் மறந்துட்டேன்னுதான் பேசினாங்களாமே?"

"பேசினாங்க."

"பாத்தியக்கூட நமக்கே விட்டு வெக்கிறதா இருந்தாங்களாம். கண்டக்டரம்மா போன் பண்ணிச் சொன்னாங்க. நீங்க பேசாம இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்" என்றார் மாஸ்டர்.

 பூவாளிக்காகக் கையை நீட்டுவாள் என்று நினைத்து அவர் அதை முன்னே நீட்டினார். அவள் வாங்கவில்லை. பையின் மேல் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, கையால் காட்டினாள்.

"அந்த ஓரம் காயுது பாருங்க. அங்க ஊத்துங்க."